நேற்றுவரை சக ஊழியர், இன்று மேலாளர்: எதைப் படிக்கத் தொடங்கலாம்?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 14 ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். டெக்னீஷியனாகச் சேர்ந்து, லைன் லீடராகி, மூன்று மாதங்களுக்கு முன்பு உற்பத்திப் பிரிவு ஒன்றின் மேலாளராக உயர்த்தப்பட்டேன். இரண்டு ஷிப்டுகளிலும் சேர்த்து 26 பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். இயந்திரக் கோளாறு என்றால் இன்றும் நானே மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். அது மேலாளர் செய்யும் வேலை இல்லை என்று என் மேலதிகாரி இரண்டு முறை சொல்லிவிட்டார். அப்படியானால் மேலாளர் செய்யும் வேலை எது என்பதை இதுவரை யாரும் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டுகள் கேன்டீனில் ஒரே மேசையில் என்னோடு சாப்பிட்டவர் ஒருவர், சென்ற வாரம் நான் தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்ததும் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இந்தப் பதவிக்கு அவருடைய பெயரும் பேசப்பட்டது. வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். வருகிற டிசம்பரில் அவருக்கு நான் மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும்.

நிறுவனம் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. முடிவில் இருபதுக்கு மேற்பட்ட புத்தகங்களின் பட்டியல் ஒன்றையும் கொடுத்தார்கள். தள்ளுபடி விற்பனையில் அவற்றுள் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் நாற்பது பக்கத்தைத் தாண்டவில்லை. ஆங்கிலம் படிப்பேன், ஆனால் மெதுவாகத்தான் படிப்பேன். வீட்டிலிருந்து பாலம் கடந்து ஆலைக்குப் போகும் பேருந்தில் தினமும் ஐம்பது நிமிடம் கிடைக்கிறது. அந்த நேரத்தை எந்தப் புத்தகத்துக்குக் கொடுக்கலாம், எந்த வரிசையில் படிக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆலை மேலாளர், ஜெலுத்தோங்

தம்பிக்கு வணக்கம். உங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலேயே முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிறுவனம் கொடுத்த பட்டியலை ஓர் ஆண்டுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வேகமாக இருபது புத்தகம் படித்த மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்களுடைய சொற்கள் மாறும், அவர்களுடைய பிரிவில் எதுவும் மாறாது. உங்களுக்கு இப்போது தேவை ஒரே ஒரு புத்தகம். அதையும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு, ஓர் அத்தியாயம் படித்தால் அதிலுள்ள ஒன்றை அந்த வாரமே தளத்தில் செய்து பார்த்துப் படியுங்கள்.

நான் சொல்வது, ஆண்ட்ரூ குரோவ் 1983இல் வெளியிட்ட ‘ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்’. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் அமைத்தது நம் பாயான் லெப்பாஸில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நிறுவனத்தைத் தொடக்க நாளிலிருந்து கட்டி வளர்த்தவர்களில் ஒருவர் எழுதியதால், அந்தப் புத்தகத்தில் வரும் சோதனை, கையிருப்பு, கழிவு பற்றிய பேச்சு எதுவும் நமக்கு அந்நியமாகப் படுவதில்லை. ஒரு காலைச் சிற்றுண்டியைக் கொண்டு அவர் உற்பத்தியை விளக்கத் தொடங்குகிறார்: மூன்று நிமிடம் வெந்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, காப்பி ஆகிய மூன்றும் ஒரே வேளையில் சூட்டோடு மேசைக்கு வந்தாக வேண்டும். மூன்றிலும் முட்டைக்குத்தான் அதிக நேரம் ஆகும் என்பதால், அதை அச்சாணியாக வைத்து மற்ற இரண்டையும் எப்போது தொடங்குவது என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். காப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையும் காயா ரொட்டியும் வரக் காத்திருந்து வளர்ந்த நமக்கு, அந்தப் பக்கங்களை எவரும் விளக்கவே வேண்டியதில்லை.

உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அதில் இருக்கிறது. மேலாளரின் விளைச்சல் என்பது அவருடைய குழுவின் விளைச்சலும், அவருடைய செல்வாக்கு எட்டுகிற பக்கத்துக் குழுக்களின் விளைச்சலும் சேர்ந்ததே என்கிறார் குரோவ். அந்தக் கணக்கின்படி, நீங்கள் மூடியைக் கழற்றிச் சரிசெய்த இயந்திரம் ஓர் இயந்திரம் மட்டுமே. அதே நாற்பது நிமிடத்தில் இரவு ஷிப்டில் இருவருக்கு அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தால், அது ஆண்டு முழுவதும் பலன் தரும். ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது மேலாளரே செய்ய வேண்டிய வேலை என்றும், அதை வேறு துறையிடம் தள்ளிவிடக் கூடாது என்றும் அவர் அழுத்திச் சொல்லும் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்து, தனிச் சந்திப்பு பற்றிய பகுதி. மேலாளரும் ஊழியரும் குறித்த இடைவெளியில் தவறாமல் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், அது குறைந்தது ஒரு மணி நேரமாவது நீடிக்க வேண்டும், என்ன பேசுவது என்பதை ஊழியரே எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது அவருடைய முறை. நான் இதைத் தொடங்கியபோது மூத்த டெக்னீஷியன் ஒருவர் முதல் நான்கு வாரம் வெறுங்கையோடு வந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் வாரம் சட்டைப் பையிலிருந்து பழைய ஷிப்ட் அட்டவணை ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி எழுதியிருந்தார். முதல் இரண்டும் விடுப்பு பற்றியவை. மூன்றாவது வரி, இரவு ஷிப்டில் ஓர் ஓவனின் வெப்பநிலை எட்டு மாதமாக அளந்து பார்க்கப்படாமல், முந்தைய நாளின் எண்ணையே பதிந்து வருகிறார்கள் என்பது. அந்த எட்டு மாதமும் எங்கள் நிராகரிப்பு எண்ணிக்கைக்குக் காரணம் தேடி நான் எத்தனையோ கூட்டம் போட்டிருந்தேன்.

உங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னீர்கள். ஒரே ஊழியர் ஒரு வேலையில் முதிர்ந்தவராகவும் வேறொரு வேலையில் புதியவராகவும் இருக்கலாம் என்பதால், மேற்பார்வையின் நெருக்கம் ஆளைப் பொறுத்து இல்லாமல் வேலையைப் பொறுத்து மாற வேண்டும் என்று குரோவ் சொல்வது இங்கே பொருந்தும். இயந்திரத்தில் அவருக்கு நீங்கள் வழிமுறை சொன்னால் அது அவமதிப்பாகும்; முடிவை மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். புதிய கணினிப் பதிவில் அவர் தடுமாறினால் அங்கே பக்கத்தில் இருங்கள்.

இதை முடித்த பிறகு பீட்டர் டிரக்கர் 1967இல் எழுதிய ‘தி எஃபெக்டிவ் எக்சிகியூட்டிவ்’ நூலில் நேரம் பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள். திட்டம் போடுவதற்கு முன்பு நம் நேரம் எங்கே போகிறது என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறார். நினைவிலிருந்து எழுதாமல், நடக்கும்போதே எழுத வேண்டும். ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற ஆய்வாளர் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973இல் அதை நூலாக்கினார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. நம் நாளும் அப்படித்தான் சிதறுகிறது. எழுதிப் பார்க்கும்வரை அது நமக்குத் தெரிவதில்லை.

மறுமொழி 2: மனிதவளத் துறையில் பணியாற்றுபவர், செந்தூல், கோலாலம்பூர்

ஐயா சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மேலாண்மைப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. பொருந்தாத ஊழியரை விரைவில் அனுப்பிவிடுங்கள் என்று அவற்றில் படித்துவிட்டு, அதை இங்கே செய்யப் போய்ச் சிக்கலில் மாட்டிக்கொண்ட இளம் மேலாளர்களின் கோப்புகளை ஆண்டுதோறும் என் மேசையில் பார்க்கிறேன். நம் மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம், 20ஆம் பிரிவின்படி, தகுந்த காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் ஊழியர் 60 நாட்களுக்குள் முறையிடலாம். ஒழுங்கீனம் என்றால்கூட, முறையான விசாரணை நடத்திய பிறகே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர் ஒருவர், பதினெட்டு ஆண்டு பணியாற்றிய ஓர் அம்மாவை எல்லோர் முன்னிலையிலும் திட்டி, நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விளக்கம் கேட்கும் கடிதம் இல்லை, விசாரணை இல்லை, முன்பு எச்சரித்ததற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அந்த அம்மா பல மாதங்கள் சம்பளமின்றி அலைந்தார். நிறுவனம் இறுதியில் இழப்பீடு கொடுத்தது. அந்த மேலாளர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குச் சட்டம் தெரியாது. தெரிய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. அந்த அம்மா தன் மேசை அறையிலிருந்த தைலப் புட்டியையும் பேரன் படத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே, தம்பி, வேலைச் சட்டத்தை ஒரு முறையாவது முழுமையாகப் படியுங்கள். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோடு கூடிய பதிப்பாக இருக்க வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை வரம்பு 45 ஆகக் குறைந்தது. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள் விடுப்பு வந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் கேட்டால், 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற கடமை வந்தது. நீங்கள் ஷிப்ட் அட்டவணை போடுபவர் என்பதால், சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு என்ற கணக்கும், ஒரு மாதத்தில் 104 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை வாங்கக் கூடாது என்ற வரம்பும் உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் பெறுபவர்களுக்குச் சில பிரிவுகள் பொருந்தாது. அதை உங்கள் மனிதவளப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலையில் தொழிற்சங்கம் இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள். அதை மேலாளரைவிடத் தொழிலாளர்கள் நன்றாக அறிந்திருப்பார்கள்.

டிசம்பர் மதிப்பீட்டுக்கு முன்பு, அந்த அண்ணனைப் பற்றி இன்றிலிருந்தே மாதம் இரண்டு குறிப்பாவது எழுதி வாருங்கள்: நன்றாகச் செய்தது ஒன்று, குறை என்று பட்டது ஒன்று, தேதியோடு. நவம்பரில் உட்கார்ந்து எழுதினால் கேன்டீனில் நடந்ததுதான் நினைவுக்கு வரும்.

மறுமொழி 3: சிறுதொழில் நடத்துபவர், பிரிக்பீல்ட்ஸ்

அட்டைப்பெட்டி அச்சிடும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன்; 12 பேர் வேலை செய்கிறார்கள். எதைப் படிக்கலாம் என்பதோடு, எதை நம்பிவிடக் கூடாது என்பதையும் நண்பர் தெரிந்துகொள்வது நல்லது. வெற்றி பெற்ற நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குப் பொதுவான குணங்களை வரிசைப்படுத்தும் நூல்களை ஒரு காலத்தில் நான் வேதமாக நினைத்தேன். அவற்றுள் மிகவும் விற்ற ஒன்று ஜிம் காலின்ஸ் 2001இல் எழுதிய ‘குட் டு கிரேட்’. அதில் போற்றப்பட்ட 11 நிறுவனங்களில், மின்னணுப் பொருள் கடைகள் நடத்திய சர்க்யூட் சிட்டி 2008இல் திவாலானது; அதே ஆண்டில் வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மே அமெரிக்க அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனால் அந்த நூல் முழுவதும் வீண் என்று சொல்ல வரவில்லை. பணிவும் உறுதியும் ஒருங்கே உள்ள தலைவரைப் பற்றி அவர் எழுதிய பகுதி எனக்கு இன்றும் பயன்படுகிறது. ஆயினும் ஜெயித்தவர்களை மட்டும் பார்த்து, ஜெயித்ததற்குக் காரணம் இதுதான் என்று முடிவுகட்டுவதில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. லாபம் வரும்போது துணிச்சல் என்று புகழப்படும் அதே செயல், நட்டம் வரும்போது அகந்தை என்று ஏசப்படுவதை ஃபில் ரோசன்ஸ்வைக் 2007இல் ‘தி ஹேலோ எஃபெக்ட்’ என்ற நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இந்த ஒன்றைப் படித்துவிட்டால் மற்ற எல்லா மேலாண்மை நூல்களையும் நிதானமாகப் படிக்கும் பழக்கம் வந்துவிடும்.

ஆலையில் இருப்பவர் என்பதால் டெமிங்கையும் சேர்க்கிறேன். தர மேலாண்மை அறிஞரான எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளையும் 800 சிவப்பு மணிகளையும் கலந்து வைத்து, 50 குழிகள் கொண்ட துடுப்பால் அள்ளச் சொல்வார். சிவப்பு மணி குறைபாடு. குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, கூடுதலாக வந்தவருக்கு எச்சரிக்கை. அள்ளியவரின் திறமைக்கும் வந்த சிவப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பார்த்துக்கொண்டிருப்பவர் எல்லோருக்கும் தெரியும். என் பட்டறையில் பசை ஒட்டாத பெட்டிகளுக்காக ஒரு பையனை மூன்று மாதம் கடிந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மழைக்காலத்தில் அட்டை ஈரம் உறிஞ்சும் மூலையில் அவனுடைய மேசையை நான்தான் போட்டிருந்தேன். மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தமிழில் படிக்க வேண்டுமென்றால் திருக்குறளின் பொருட்பாலில் 51, 52ஆம் அதிகாரங்களை ஓர் உரையோடு எடுத்து வையுங்கள். தெரிந்துதெளிதல், ஆளை எப்படி ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது என்பது. தெரிந்துவினையாடல், தேர்ந்தெடுத்தவரை எப்படி வேலையில் வைத்து ஆள்வது என்பது. ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்பதை எல்லா மேடையிலும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு இரண்டு குறள் தள்ளி வருவது நண்பருக்கு வேண்டியது:

வினைக்கண் வினையுடையான் கேண்மைவே றாக
நினைப்பானை நீங்கும் திரு.

வேலையில் ஓயாது முயல்கிற ஒருவன் உரிமையோடு பழகுவதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் தலைவனைவிட்டுச் செல்வம் போய்விடும் என்பது பொருள். பொறாதவர்கள் சொல்லைக் கேட்டு அப்படி வேறாக நினைப்பான் என்று பரிமேலழகர் சேர்க்கிறார். அந்த அண்ணனைப் பற்றி உங்கள் காதில் இந்த மூன்று மாதத்தில் யார் யார் என்ன போட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

படித்து மட்டுமே யாரும் மேலாளர் ஆனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் தாத்தா கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். கூட்டிப் பெருக்குவது, கடிதம் கொண்டு போவது, மாலையில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போடுவது என்று தொடங்கி, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் ஆகி, பிறகுதான் ஒருவர் கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாள் ஆக முடியும். பொறுப்பு ஏற்கும் நாளில் ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கில் ஒரு சதம் இடித்தாலும் எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளும் மூத்தவர் ஒருவரை நண்பர் பினாங்கிலேயே தேடிக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 1இன் தொடர்ச்சி: ஓய்வுபெற்ற ஆலை மேலாளர், ஜெலுத்தோங்

பிரிக்பீல்ட்ஸ் நண்பரோடு ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ‘தி ஹேலோ எஃபெக்ட்’ அருமையான நூல்தான், ஆனால் மூன்றே மாதம் ஆன ஒருவர் முதலில் அதைப் படித்தால் எதையும் முயன்று பார்க்கத் தயங்கிவிடுவார். அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் செந்தூல் அம்மா சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். அது குரோவுக்கும் முன்பாக வர வேண்டியது. மூத்தவர் ஒருவர் வேண்டும் என்பதற்கு, தம்பிக்கு விருப்பம் இருந்தால் சனிக்கிழமை காலைகளில் நான் ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில்தான் இருப்பேன்.

கேள்வி கேட்டவர்: பட்டர்வொர்த் வாசகர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மனிதவளப் பிரிவில் கேட்டு, திருத்தங்களோடு கூடிய வேலைச் சட்டத்தை வாங்கிவிட்டேன். அடுத்த மாத அட்டவணையில் இருவருக்குக் கூடுதல் நேரம் 104 மணியைத் தாண்டியிருந்ததை வெளியிடும் முன்பே கண்டு மாற்றினேன். குரோவின் நூலில் பயிற்சி பற்றிய அத்தியாயத்தையும் தனிச் சந்திப்பு பற்றிய பகுதியையும் இரண்டு முறை படித்தேன். ஒன்பது வேலை நாட்களுக்கு என் நேரத்தை நடக்க நடக்க ஒரு சிறு நோட்டில் குறித்து வந்தேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் இயந்திரங்களுக்குள்ளேதான் போகிறது. இரவு ஷிப்டில் இருக்கும் 11 பேரில் நால்வரிடம் இந்த ஒன்பது நாட்களில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதையும் அந்த நோட்டு காட்டியது.

காதில் போட்டவர்களை எண்ணிப் பார்க்கச் சொன்னீர்கள். எண்ணினேன். இருவர், இருவருமே அண்ணனோடு நேரடியாக வேலை செய்யாதவர்கள்.

தனிச் சந்திப்புகளை அவரிடமிருந்தே தொடங்கினேன். நேற்று மாலை ஐந்து மணிக்குச் சிறிய கூட்ட அறையில் உட்கார்ந்தோம். அவர் எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. இருபது நிமிடம் பேச்சு நகரவே இல்லை. பிறகு மூன்றாம் லைனின் கன்வேயர் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேன். உண்மையாகவே எனக்கு அது தெரியாது. அவர் என் நோட்டை வாங்கி அதில் படம் போட்டுக் காட்டினார். ஒரு மணி நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அடுத்த செவ்வாய்க்கிழமை இதே நேரத்துக்கு வரவா என்று அவரே கேட்டார். சனிக்கிழமை காலை ஜெலுத்தோங்குக்கு வருகிறேன், ஐயா. அந்தப் படத்தையும் கொண்டுவருகிறேன்.